ஒன்றின் கழிவு, மற்றொன்றின் உணவு: கடற்பண்ணைகளும் கடலறிவும்

ஐக்கிய நாடுகளின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையில் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டிய எண் ஒன்று இருக்கிறது. 2022ஆம் ஆண்டில் உலகம் உற்பத்தி செய்த மீன், இறால், நண்டு, சிப்பி போன்ற நீர்வாழ் விலங்குகளில் 51 விழுக்காடு பண்ணைகளில் வளர்க்கப்பட்டவை. அளவில் சொன்னால் 9.44 கோடி டன். பிடித்த மீனைவிட வளர்த்த மீன் அதிகமானது வரலாற்றில் இதுவே முதல் முறை. வேட்டையாடி உண்ட மனிதன் பயிரிடத் தொடங்கியதைச் சமூக அறிவியல் வகுப்பில் ஒரு பெரும் திருப்பமாக நடத்துகிறோம். நீரில் அதே திருப்பம் நம் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது. ஆனால் அதைப் பற்றி நம் வகுப்பறைகளில் பேச்சே இல்லை.

பண்ணை வளர்ந்தால் கடலில் மீன் மிஞ்சும் என்று எளிதாக நினைத்துவிடத் தோன்றும். அப்படி முழுதாகச் சொல்லிவிட முடியாது. நார்வே, ஸ்காட்லாந்து, சிலி, கனடா ஆகிய நாடுகளில் கடலில் கூண்டு கட்டி வளர்க்கும் சால்மன் ஊனுண்ணி. அதன் தீவனத்தில் மீன்தூளும் மீன் எண்ணெயும் சேர்கின்றன. இவற்றில் ஒரு பகுதி பெரு நாட்டுக் கடலில் பிடிக்கும் நெத்திலி இனத்திலிருந்து வருகிறது. எனவே ஒரு கடலில் மீன் வளர்க்க இன்னொரு கடலில் மீன் பிடிக்கிறார்கள். சோயா போன்ற பயிர்கள் அந்த இடத்தை இப்போது பெருமளவு நிரப்பியிருந்தாலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை.

அடுத்த சிக்கல் கழிவு. தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் பாதிக்கும் மேல் மீனின் உடலில் தங்குவதில்லை. செவுள் வழியாக அம்மோனியாவாகவும், சாணமாகவும், தின்னாமல் மூழ்கிய தீவனமாகவும் அது நீரில் கலக்கிறது. நீரோட்டம் குறைந்த விரிகுடாவில் இந்தச் சத்து சேர்ந்தால் பாசி பெருகும். பெருகிய பாசி மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும்.

இந்தச் சிக்கல்கள் ஒரே நாட்டின் எல்லைக்குள் அடங்குவதில்லை. 2013 மே 24 அன்று அயர்லாந்தின் கால்வே நகரில் ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று தரப்பும் அட்லாண்டிக் பெருங்கடல் ஆராய்ச்சிக்காக ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. கடலடி வரைபடம், கடல் கண்காணிப்பு ஆகியவற்றோடு அந்தக் கூட்டணி எடுத்துக்கொண்ட பணிகளில் மீன் வளர்ப்பும் ‘ஓஷன் லிட்டரசி’யும் இருந்தன. இந்த இரண்டாவதைக் கடலறிவு என்று நாம் சொல்லலாம். விஞ்ஞானிகளின் ஒப்பந்தத்தில் பள்ளிக்கூட வேலைக்கு என்ன இடம் என்று கேட்கத் தோன்றும். பண்ணை எங்கே அமையலாம், எந்த மீனை வாங்கலாம், எந்தக் கழிவை அனுமதிக்கலாம் என்பதையெல்லாம் ஆய்வகம் தீர்மானிப்பதில்லை. ஊர் மக்களும் வாங்குவோரும் அவர்கள் தேர்ந்தெடுக்கும் அரசுகளும்தான் தீர்மானிக்கிறார்கள்.

கடலறிவு என்னும் கருத்தைத் தொடங்கிவைத்தவர்கள் ஆசிரியர்களும் கடல் ஆய்வாளர்களுமே. 1996-இல் வந்த அமெரிக்கத் தேசிய அறிவியல் கல்வித் தர வரையறையில் கடலுக்கு மிகச் சிறிய இடமே இருந்தது. அதைக் கண்டு கவலைப்பட்டவர்கள் 2004-இல் கூடி விவாதித்து, பள்ளிப் படிப்பை முடிக்கும் ஒருவர் கடலைப் பற்றி என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை ஏழு கோட்பாடுகளாக வகுத்தனர். கடல் நம்மை எப்படிப் பாதிக்கிறது, நாம் கடலை எப்படிப் பாதிக்கிறோம் என்று புரிந்துகொள்வதே கடலறிவு என்பது அவர்கள் தந்த விளக்கம். முதல் கோட்பாடு நம்மைக் கொஞ்சம் சங்கடப்படுத்தும்: பூமியில் இருப்பது ஒரே ஒரு பெருங்கடல். நாமோ ஐந்து பெருங்கடல்களின் பெயர்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். பெயர்கள் தேவைதான். ஆனால் அவற்றுக்கு இடையே சுவர் இல்லை என்பதையும் அதே பாடவேளையில் சொல்லிவிட வேண்டும்.

கூண்டைச் சுற்றி ஒரு தோட்டம்

கழிவுச் சிக்கலுக்கு விடை தேடிய ஆய்வுகளில் வகுப்பறைக்கு மிகவும் பொருந்துவது கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் நடந்தது. நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்தின் தியரி ஷோபானும் அவருடைய குழுவினரும் 2001 முதல் சால்மன் கூண்டுகளின் அருகே மட்டிச் சிப்பிகளையும், கெல்ப் என்னும் பெரிய பழுப்புக் கடற்பாசியையும் வளர்த்துப் பார்த்தனர். நீரில் மிதக்கும் நுண்துகள்களை மட்டிகள் வடிகட்டித் தின்கின்றன. கரைந்திருக்கும் அம்மோனியாவைக் கடற்பாசி உறிஞ்சிக்கொள்கிறது. கூண்டுக்கு அருகே வளர்ந்த கெல்ப் மற்ற இடங்களில் வளர்ந்ததைவிட 46 விழுக்காடும், மட்டி 50 விழுக்காடும் வேகமாக வளர்ந்ததாக அந்தக் குழு தெரிவித்தது. இந்த முறைக்கு ஒருங்கிணைந்த பல்லடுக்கு உணவூட்ட நீருயிரி வளர்ப்பு என்று பெயர். பெயர் நீளமாக இருந்தாலும் கருத்து எளியது.

இதை விளக்க நம்மிடம் ஏற்கெனவே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கூட்டுமீன் வளர்ப்பில் கட்லா குளத்தின் மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடும் என்று நடத்துகிறோம். அங்கே ஒரே குளத்தின் உணவை மூன்று மீன்களும் சண்டையின்றிப் பங்கிட்டுக்கொள்கின்றன. கனடாவில் நடப்பது அடுத்த படி. முதல் உயிர் கழித்ததை இரண்டாவது உயிர் உண்கிறது. அதுவும் விட்டதை மூன்றாவது எடுத்துக்கொள்கிறது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களே சொல்லும்படி செய்தால் உணவுச்சங்கிலி, நைட்ரஜன் சுழற்சி ஆகிய இரு பாடங்களும் ஒன்றாக முடிந்துவிடும்.

இதை மந்திரம்போல் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் சத்து மட்டிக்கு எட்டும் முன்பே அடித்துச் செல்லப்படுகிறது. கனமான சாணம் மட்டிக் கயிறுகளைத் தாண்டி நேரே அடியில் படிந்துவிடுகிறது. மத்தியதரைக் கடலில் நடந்த சோதனை ஒன்றில் மட்டிகளுக்குச் சொல்லும்படியான பயன் தென்படவில்லை. ஒரே முறை ஒரு கடலில் பலித்து இன்னொன்றில் பலிக்காமல் போவதால்தான் பல நாடுகள் சேர்ந்து சோதிக்க வேண்டியிருக்கிறது.

2017 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியமும் பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும் லிஸ்பனில் செய்துகொண்ட பெலெம் உடன்பாடு இந்த ஒத்துழைப்பைத் தெற்கு அட்லாண்டிக்குக்குக் கொண்டுசென்றது. அதன் வழியில் 2020-இல் ‘ஆஸ்ட்ரல்’ என்னும் கூட்டு ஆய்வுத் திட்டம் தொடங்கியது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, தென்னாப்பிரிக்கா, பிரேசில் ஆகிய இடங்களில் வெவ்வேறு உயிரினங்களைக் கொண்டு இதே கருத்து சோதிக்கப்பட்டது.

இவற்றில் தென்னாப்பிரிக்க அனுபவம் தனிச் சுவையுடையது. அங்கே அபலோன் என்னும் விலை உயர்ந்த கடல் நத்தையைக் கரையோரத் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். இரவும் பகலும் மின்மோட்டார் வைத்துக் கடல்நீரை ஏற்ற வேண்டும். நத்தைக்குத் தீனியாகக் கடலிலிருந்து கெல்ப் வெட்டி வர வேண்டும். தொட்டிகளிலிருந்து வெளியேறும் நீரில் உல்வா என்னும் பச்சைக் கடற்பாசியை வளர்த்தால் என்ன என்று ஸ்வீடன் ஆய்வாளர்களும் தென்னாப்பிரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து ஆராய்ந்தனர். உல்வா அம்மோனியாவை உறிஞ்சி நீரைத் தெளியவைக்கிறது. அந்த உல்வாவே நத்தைக்குத் தீனியாகிறது. தெளிந்த நீரில் ஒரு பகுதியைத் திரும்பத் தொட்டிக்கே விடலாம் என்பதால் மின்செலவும் குறைகிறது. இன்னொரு பயனும் உண்டு. 2017-இன் தொடக்கத்தில் வாக்கர் விரிகுடாவில் நச்சுப் பாசி பெருகிக் கடல் நிறம் மாறியபோது, அந்த நீரை ஏற்றிய பண்ணைகளில் அபலோன்கள் பெருமளவில் மடிந்தன. நீரை மறுசுழற்சி செய்யும் வசதி உள்ள பண்ணை, அத்தகைய நாள்களில் கடல்நீரை ஏற்றுவதை நிறுத்திவைத்துச் சில காலம் தாக்குப்பிடிக்க முடியும்.

பாக் நீரிணையில்

நம் கடலிலும் இது சோதிக்கப்பட்டிருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம் 2010-இல் இந்தியாவிலேயே முதன்முறையாகக் கடல் விரால் குஞ்சுகளை உற்பத்தி செய்தது. பின்னர் இராமநாதபுரம் மாவட்டம் முனைக்காட்டில் ஒரு கடல் விரால் கூண்டைச் சுற்றி 16 மூங்கில் மிதவைகளில் காப்பாபைகஸ் கடற்பாசியை வளர்த்துக் காட்டியது. தனியாக விடப்பட்ட மிதவைகளைவிடக் கூண்டைச் சுற்றியிருந்தவற்றில் விளைச்சல் கூடுதலாகக் கிடைத்தது.

அந்தக் கடற்பாசி நம் கடலுக்கு உரியதன்று. அதன் பூர்வீகம் பிலிப்பைன்ஸ் பக்கம். அதை முதலில் பரப்பிய நிறுவனத்தின் பெயரால் அப்பகுதி மக்கள் ‘பெப்சி பாசி’ என்றே அழைக்கிறார்கள். குருசடைத் தீவை ஒட்டிய பவளப்பாறைகளின்மேல் அது படர்ந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். கஞ்சிப் பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் சேகரித்துப் பிழைத்த மீனவப் பெண்கள் பலருக்கு மிதவை வளர்ப்பு வருமானம் தந்ததும் உண்மை. இரண்டையும் ஒன்றாக வைத்து ஒன்பதாம் வகுப்பில் ஒரு விவாதம் நடத்தலாம். விடை எளிதில் கிடைக்காத விவாதம் என்பதால் நன்றாகவே நடக்கும்.

வகுப்பறைக்கு

பிரேசிலின் சாண்டோஸ் துறைமுக நகரம் 2021-இல் கடலறிவைப் பள்ளிகளில் கற்பிக்கச் சட்டமே இயற்றியது. போர்ச்சுகலில் ‘நீலப் பள்ளி’ என்ற திட்டத்தில் பள்ளிகள் ஆண்டு முழுவதும் கடல் சார்ந்த ஏதேனும் ஒரு பணியைச் செய்கின்றன. நாம் அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கடலும் தேவையில்லை. சேலத்திலும் திருப்பத்தூரிலும் மீன் கடைகள் இருக்கின்றன.

நடுநிலை வகுப்புகளுக்கு இரண்டு புட்டிகள் போதும். இரண்டிலும் குளத்து நீரை நிரப்பி, ஒன்றில் மட்டும் மீன் தொட்டி நீர் கொஞ்சம் ஊற்றி, இரண்டையும் சன்னல் வெளிச்சத்தில் வையுங்கள். எது விரைவில் பச்சையாகிறது என்று நாள்தோறும் குறித்துவரச் சொல்லுங்கள். அம்மோனியா என்ற சொல்லை அதற்குப் பிறகு அறிமுகப்படுத்தினால் போதும்.

உயர்நிலை வகுப்புகளுக்குச் சந்தைக் கணக்கெடுப்பு நல்லது. வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, கட்லா, ரோகு, இறால் என்று பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் பிடித்ததா வளர்த்ததா, எந்த ஊரிலிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டுவரட்டும். இறாலுக்கு நேரே பெரும்பாலும் ‘வெனாமி’ என்று எழுதிவருவார்கள். இது பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த இனம். இந்தியாவில் 2009-இல் வளர்க்க அனுமதிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் தாய் இறால்களைச் சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்தி, நோய் இல்லை என்று உறுதிசெய்த பிறகே குஞ்சு பொரிப்பகங்களுக்கு அனுப்புகிறார்கள். உலக வரைபடத்தில் அந்த வழியை மாணவர்களையே வரையச் சொல்லலாம்.

பட்டியலின் கடைசிக் கட்டத்துக்கு ‘எதைத் தின்று வளர்ந்தது?’ என்று தலைப்பிடுங்கள். கடைக்காரருக்கு அது தெரியாமல் இருக்கலாம். அருகில் உள்ள பண்ணைக்கோ மீன்வளத் துறை அலுவலகத்துக்கோ கேள்வியை எழுதி அனுப்பும் பொறுப்பை ஒரு குழுவிடம் ஒப்படைத்துவிட்டு, பதில் வரும்வரை அந்தக் கட்டத்தைக் காலியாகவே அறிவிப்புப் பலகையில் விட்டுவையுங்கள்.