ஊக்குவித்த தொடர்புப்போக்கு மரங்களில் வழுநீக்கம்

ஊக்குவித்த தொடர்புப்போக்கு மரங்கள் என்பவை, பல சிறிய முடிவு மரங்களை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து ஓர் அளவை முன்கணிக்கும் புள்ளியியல் மாதிரிகள் ஆகும். முந்தைய மரங்கள் விட்டுச்சென்ற பிழையை ஒவ்வொரு புதிய மரமும் சிறிது குறைக்கிறது. ஜெரோம் பிரீட்மன் 2001 ஆம் ஆண்டுக் கட்டுரையில் இம்முறையை விளக்கினார். ஆர் மொழியில் ஜிபிஎம் பொதியும், அதன்மேல் கட்டப்பட்ட டிஸ்மோ பொதியும் இதற்குப் பயன்படுகின்றன.

இம்மாதிரிகளை இயக்கும்போது தோன்றும் வழுக்கள் பலவும் தரவின் குறையையே சுட்டுகின்றன. செய்தி மறைந்துவிட்டால் மாதிரி சரியாகிவிட்டது என்று பொருளல்ல.

== எடுத்துக்காட்டு ==
அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களின் கிணற்று நீரில் உள்ள உப்பின் அளவை முன்கணிக்க வேண்டும் என்று கொள்வோம். கிணற்றின் ஆழம், ஏரியிலிருந்து தொலைவு, ஊர்ப்பெயர் ஆகியவை விளக்க மாறிகள்.

== தரவு போதாமை ==
"தரவு மிகச் சிறியது" என்னும் வழு, பயிற்சி வரிசைகளின் எண்ணிக்கையை மாதிரியெடுப்பு விகிதத்தால் பெருக்கிய தொகை, கணுவின் குறைந்தபட்ச எண்ணிக்கையின் இருமடங்குடன் 1 கூட்டிய அளவைத் தாண்டாதபோது வரும். ஜிபிஎம் பொதியின் இயல்பு மதிப்புகள் முறையே 0.5, 10 ஆகும். எனவே 42 கிணறுகள் இருந்தால் 42 × 0.5 = 21; வழு தோன்றும். 50 கிணறுகளை ஐந்து மடிப்புக் குறுக்குச் சரிபார்ப்புக்குப் பிரித்தாலும், ஒரு மடிப்பில் பயிற்சிக்கு 40 மட்டுமே கிடைப்பதால் அதே வழு வரும். குறைந்தபட்ச எண்ணிக்கையை 5 ஆக்கினால் செய்தி மறையும். ஆனால் இரண்டொரு கிணறுகளின் தற்செயல் வேறுபாட்டை மாதிரி விதியாகக் கற்கக்கூடும். மேலும் கிணறுகளை அளப்பதே சிறந்த தீர்வு.

== மாறியின் வகை ==
* ஊர்ப்பெயர் வெறும் எழுத்துச்சரமாக இருந்தால் ஜிபிஎம் ஏற்காது. அதைக் காரணி வகைக்கு மாற்ற வேண்டும். 2020 இல் வெளிவந்த ஆர் 4.0.0 பதிப்பு முதல் இம்மாற்றம் தானாக நிகழ்வதில்லை. இதனால் பழைய நிரல்கள் பல தடைப்பட்டன.
* "குடிக்கத் தக்கது, தகாதது" என்னும் விடையை பெர்னூலிப் பரவலுக்கு 1, 0 என்னும் எண்களாகவே தர வேண்டும்.
* விளக்க மாறியில் விடுபட்ட மதிப்புகள் இருக்கலாம். விடை மாறியில் இருத்தல் கூடாது.

== கற்றல் வீதம் ==
டிஸ்மோ பொதி, தொடக்கத்திலேயே பிழை கூடினால், கற்றல் வீதத்தைக் குறைத்து மீண்டும் தொடங்குமாறு கூறி வெற்று விடையைத் தரும். அதைக் கவனியாமல் தொடர்ந்தால் அடுத்த வரிகளில் வேறு வழுக்கள் தோன்றும். 0.01 இலிருந்து 0.005, 0.001 என்று படிப்படியாகக் குறைக்கலாம். எலித், லெத்விக், ஹேஸ்டி ஆகியோர் 2008 இல் வெளியிட்ட வழிகாட்டி, குறைந்தது 1000 மரங்களையாவது எட்டும் வீதத்தைப் பரிந்துரைக்கிறது.

== செய்தி தராத வழுக்கள் ==
இவையே மிகவும் இடர் தருபவை.
* பெர்னூலி மாதிரியின் முன்கணிப்பு, வேறு வகையைக் கேட்காதவரை, நிகழ்தகவாக அன்றி மடக்கை அளவில் கிடைக்கும். எதிர்ம எண்கள் வந்தால் காரணம் இதுவாகலாம்.
* தற்செயல் எண்ணின் விதையைக் குறித்து வைக்காவிட்டால் ஒவ்வொரு முறையும் விடை சற்று மாறும்.
* ஒரே தெருவின் இரு கிணறுகளில் ஒன்று பயிற்சியிலும் மற்றொன்று சோதனையிலும் அமைந்தால், பிழை உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். அம்மாதிரியை நம்பி அளக்கப்படாத ஒரு தெருவின் நீரை நல்லதென்று கூறுவது தவறாகலாம். ஊர் அல்லது பகுதி வாரியாக மடிப்புகளைப் பிரிப்பது இதைத் தவிர்க்க உதவும்.