குப்பைமேட்டில் பிறந்த வெண்கல ஆடு

தெற்குப் பிரான்ஸில், மத்தியதரைக் கடலை அடுத்து, வல்லோரிஸ் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. மண்பாண்டத் தொழிலுக்குப் பேர்போன ஊர். 1950-ம் ஆண்டில் அங்கே போனவர்கள் ஒரு விசித்திரக் காட்சியைக் கண்டிருக்கலாம். எழுபது வயதை எட்டிக்கொண்டிருந்த குள்ளமான மனிதர் ஒருவர், குழந்தையை வைத்துத் தள்ளும் பழைய வண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு போவார். வண்டிக்குள் குழந்தை இராது. உடைந்த சட்டி, துருப்பிடித்த இரும்பு என்று ஊரார் வேண்டாமென்று எறிந்த சாமான்கள் கிடக்கும்.

பழைய சாமான் வியாபாரி என்றுதான் புதியவர்கள் நினைப்பார்கள். ஆனால் அவர் யார் தெரியுமா? "குவெர்னிகா" ஓவியத்தைத் தீட்டி உலகத்தையே உலுக்கிய பாப்லோ பிக்காஸோ!

பிக்காஸோவை ஓவியர் என்றுதான் நம்மில் பலரும் அறிவோம். அவர் தலைசிறந்த சிற்பியும்கூட. கல்லும் உளியும் தேடாமல், குப்பையிலே சிற்பத்தைக் கண்டவர் அவர்.

பட்டறைக்குப் பக்கத்தில் புதையல்

1948-ல் வல்லோரிஸில் குடியேறிய பிக்காஸோ, அடுத்த ஆண்டு பழைய வாசனைத் தைலத் தொழிற்சாலை ஒன்றை வாங்கித் தம் பட்டறையாக்கிக்கொண்டார். அதன் அருகே ஒரு காலி மனை. ஊர்க் குயவர்கள் உடைந்த பாண்டங்களைக் கொட்டும் குப்பைமேடு அது. பட்டறைக்குப் போகும்போது அதைக் கிளறிப் பார்ப்பது அவருக்கு வழக்கமாகிவிட்டது. அப்போது அவருடன் வாழ்ந்த பிரான்ஸுவாஸ் ஜீலோ என்ற பெண் ஓவியர், 1964-ல் வெளியிட்ட தம் நினைவுக் குறிப்புகளில் இந்தக் கதைகளைச் சுவையாகச் சொல்லியிருக்கிறார்.

சாதாரணமாக, ஒரு பொருள் கையில் கிடைத்த பிறகுதான் அதில் என்ன உருவம் ஒளிந்திருக்கிறது என்று பிக்காஸோவுக்குத் தோன்றும். ஆட்டின் விஷயம் நேர்மாறு. சினை ஆடு ஒன்று செய்ய வேண்டும் என்று முதலில் தீர்மானித்தார். அப்புறம் அதற்கு உறுப்புகள் தேடிப் புறப்பட்டார்.

ஆட்டின் வயிறு எங்கே கிடைத்தது? ஒரு பிரம்புக் கூடையில்! சினையால் புடைத்து, விலா எலும்பு தெரியும் வயிற்றுக்கு, முடைந்த கூடையைவிடப் பொருத்தமானது வேறு என்ன இருக்கிறது? கடற்கரையில் பொறுக்கிய பனை இனத்து மட்டை ஒன்று முதுகெலும்பாயிற்று. கொம்புக்குத் திராட்சைக் கொடியின் முறுக்கேறிய கட்டை. காதுக்கு மடித்த அட்டை. காலுக்கு மரத்துண்டு, கணு உள்ள இடம் மூட்டாக அமையும்படி பார்த்துப் பொறுக்கினார். மடிக்கு என்ன செய்தார்? இரண்டு மண் ஜாடிகளின் கைப்பிடிகளைத் தட்டிவிட்டு வயிற்றின் அடியில் பொருத்தினார். பால் ஊற்றிவைக்கும் ஜாடியே பால் மடியாகிவிட்டது!

எல்லாவற்றையும் பாரீஸ் சாந்தைக் குழைத்து அப்பி இணைத்தார். 4 அடிக்குச் சற்றுக் குறைந்த உயரமும், 4½ அடிக்கு மேல் நீளமுமாக ஆடு எழுந்து நின்றது. பிட்டத்தின் எலும்பு துருத்தி, வயிறு கனத்து, இன்றைக்கோ நாளைக்கோ ஈன்றுவிடும் போல நின்றது.

ஆனால் பாரீஸ் சாந்து எத்தனை நாளைக்கு நிற்கும்? இடித்தால் உடையும், நனைந்தால் ஊறும். மட்டை மக்கும், அட்டை நைந்துபோகும். ஆட்டைக் காப்பாற்ற ஒரே வழி வெண்கலம்.

இரவில் போன கைவண்டிகள்

வெண்கலத்தில் வார்ப்பது பற்றிப் பிக்காஸோவின் மனத்தில் பல ஆண்டுகளாகவே ஒரு போராட்டம் இருந்துவந்தது. அதை அறிய நாம் யுத்த காலத்துப் பாரீஸுக்குப் போக வேண்டும்.

1940 முதல் 1944 வரை பாரீஸ் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. பீரங்கிக்கும் யந்திரத்துக்கும் செம்பு தேவைப்பட்ட காலம். 1941-ல் போட்ட ஒரு சட்டத்தின்படி, பூங்காக்களிலும் நாற்சந்திகளிலும் நின்ற வெண்கலச் சிலைகள் பெயர்த்தெடுக்கப்பட்டு உலைக்குப் போயின. அறிஞர்களும் கவிஞர்களும் நின்ற பீடங்கள் வெறுமையாகிவிட்டன. இருக்கிற சிலைகளே உருகிக்கொண்டிருந்தபோது புதிய சிலை வார்ப்பது நடக்கிற காரியமா?

பிக்காஸோவின் பட்டறையில் நடந்தது! அவருடைய நெருங்கிய நண்பரும் காரியதரிசியுமான சபார்த்தே, "சாந்து அழிந்துபோகும், வெண்கலந்தான் நிலைக்கும்" என்ற கருத்தை ஓயாமல் வற்புறுத்திவந்தார். பிக்காஸோவுக்கு முதலில் அதில் இஷ்டமே இல்லை. வெண்மையான சாந்திலேதான் தம் சிற்பங்கள் அதிக அழகாக இருப்பதாக அவர் நினைத்தார். கடைசியில் நண்பரின் பேச்சே வென்றது. இரவு வேளையில் சாந்துச் சிற்பங்களைக் கைவண்டிகளில் ஏற்றி நண்பர்கள் வார்ப்படச் சாலைக்குக் கொண்டுபோனார்கள். போவதாவது பரவாயில்லை, திரும்பி வருவதுதான் ஆபத்து. வரும்போது வண்டியில் இருப்பது வெண்கலம் அல்லவா? ஜெர்மானிய ரோந்துப் படையின் கண்ணெதிரே அவற்றைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். இதையெல்லாம் பிக்காஸோவே பிராஸாய் என்ற புகைப்படக் கலைஞரிடம் சொல்லியிருக்கிறார்.

காளையா, சைக்கிளா?

அதே யுத்த காலத்தில், 1942-ல், ஒரு சிற்பம் பிறந்தது. பழைய சாமான் குவியலில் ஒரு சைக்கிள் ஆசனமும், துருப்பிடித்த ஹாண்டில் பாரும் கிடந்தன. பிக்காஸோ பார்த்த மாத்திரத்தில் இரண்டும் அவர் மனத்தில் ஒட்டிக்கொண்டன. ஆசனம் முகம்; ஹாண்டில் பார் கொம்பு. ஒன்றாக இணைத்துச் சுவரில் மாட்டியதும், காளையின் தலை! அதைப் பிற்பாடு வெண்கலத்திலும் வார்த்தார்கள்.

வார்த்த பின்பு பிக்காஸோவுக்கு ஒரு சந்தேகம் பிறந்தது. தோல் ஒரு நிறம், இரும்பு ஒரு நிறம் என்றிருந்தவை வெண்கலத்தில் ஒரே உடம்பாகிவிட்டன. ஒட்டாத பொருள்களை ஒட்டவைப்பது வெண்கலத்தின் அதிசய சக்தி என்பது அவர் கருத்து. ஆனால் அதிலேயே ஓர் ஆபத்தும் இருப்பதாக அவர் பிராஸாயிடம் சொன்னார். பார்க்கிறவன் கண்ணுக்குக் காளை மட்டும் தெரிந்து, ஆசனமும் ஹாண்டில் பாரும் மறைந்துபோனால் சிற்பத்தில் சுவையே இல்லை என்பது அவர் எண்ணம். காளையும் தெரிய வேண்டும். சைக்கிளும் தெரிய வேண்டும்.

உலையில் என்ன நடக்கிறது?

மெழுகு வார்ப்பு என்றால் நமக்குச் சுவாமிமலை ஸ்தபதிகள் நினைவுக்கு வருவார்கள். அவர்கள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து தெய்வ உருவத்தைக் கையால் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, காயவைத்து, சூடாக்குகிறார்கள். மெழுகு உருகி ஓடுகிறது. அது இருந்த இடத்தில் உலோகக் குழம்பு பாய்கிறது. பிறகு மண் கருவை உடைத்தால் விக்கிரகம் வெளிவருகிறது. கரு உடைந்துபோவதால், ஒரு மெழுகுக்கு ஒரே விக்கிரகந்தான்.

ஐரோப்பிய வார்ப்படச் சாலைகளிலும் தத்துவம் இதுவே. முறைதான் கொஞ்சம் சுற்றுவழி. சிற்பியின் மூல உருவத்தை அவர்கள் உருக்குவதில்லை. அதன்மேல் அச்சு எடுத்து, அச்சின் உட்புறத்தில் சில மில்லிமீட்டர் கனத்துக்கு மெழுகைப் பூசுகிறார்கள். நடுவே வெப்பம் தாங்கும் கலவையை நிரப்புகிறார்கள். மெழுகில் தேய்வோ ஓட்டையோ இருந்தால் திருத்துகிறார்கள். குழம்பு உள்ளே போகவும், காற்று வெளியே போகவும் மெழுகிலேயே குழாய்கள் வைத்து, வெளியிலும் கலவையைப் பூசிச் சூளையில் வேகவைக்கிறார்கள். மெழுகு ஓடிவிடுகிறது.

பிறகு செம்பில் சுமார் பத்தில் ஒரு பங்கு வெள்ளீயம் சேர்த்த வெண்கலத்தை, 1,000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் காய்ச்சி, நிறுத்தாமல் ஊற்றுகிறார்கள். ஊற்றுவது சில நிமிஷ வேலை. குழாய்களை அறுத்து, அரத்தால் தேய்த்து, இணைப்பு தெரியாமல் சீர்செய்து, திராவகங்களால் நிறமேற்றி முடிக்கத்தான் நாள் பிடிக்கும். உள்ளே கூடாக இருப்பதால் கனமும் குறைவு. மூல உருவம் பத்திரமாக இருப்பதால் இன்னொரு பிரதியும் எடுக்கலாம்.

இதில் விசேஷம் என்னவென்றால், மெழுகு எதையும் மறக்காது. பிரம்பின் பின்னல், ஜாடியின் விளிம்பு, மட்டையின் வரி, அவசரமாக அப்பிய சாந்தில் பதிந்த விரல் தடம் எல்லாமே உலோகத்தில் வந்துவிடும்.

1952-ல் ஆடு வெண்கலத்தில் வார்க்கப்பட்டபோதும் அதுதான் நடந்தது. நிறத்தால் எல்லாம் ஒன்றாயின. ஆனால் அருகே போய்ப் பார்த்தால் கூடையும் தெரிகிறது, ஜாடியும் தெரிகிறது. காளைத் தலையின்போது பயந்த ஆபத்தை ஆடு தாண்டிவிட்டது.

மகனின் மோட்டார், குரங்கின் முகம்

1951-ல் இன்னொரு வேடிக்கை நடந்தது. சித்திர வியாபாரி கான்வைலர், பிக்காஸோவின் மகன் குளோதுக்கு இரண்டு பொம்மை மோட்டார்களைப் பரிசளித்திருந்தார். தகப்பனாரின் கண் அவற்றின்மேல் விழுந்தது. ஒன்றின் அடிப்பாகத்தை மற்றொன்றின் அடிப்பாகத்தோடு சேர்த்தார். மேல் மோட்டாரின் முன் கண்ணாடி கண்களாயிற்று. இரண்டுக்கும் நடுவிலிருந்த இடுக்கு வாயாயிற்று. குட்டியை அணைத்துக்கொண்டு நிற்கும் பபூன் குரங்கின் முகம் தயார்! காதுகள், கோப்பையின் கைப்பிடிகள். வால், மோட்டாரின் வில் பட்டை. இதுவும் வெண்கலமாயிற்று. வீட்டில் குழந்தை உள்ளவர்களுக்கு, பொம்மையைப் பறிகொடுத்த பிள்ளையின்மேல்தான் முதலில் இரக்கம் வரும். ஆனால் வேறு எந்தப் பிள்ளையின் மோட்டார் இத்தனை காலம் துருப்பிடிக்காமல் இருக்கிறது?

இரண்டு ஆடுகள்

பிக்காஸோ 1973-ல் காலமானார். சாந்தும் கூடையுமான மூல ஆடு இன்று பாரீஸில், 1985-ல் திறக்கப்பட்ட பிக்காஸோ மியூசியத்தில் இருக்கிறது. நியூயார்க்கின் நவீனக் கலை மியூசியம் 1959-ல் ஒரு வெண்கல ஆட்டை வாங்கியது.

1950-களின் பிற்பகுதியில், கான் நகரத்து வீட்டில் பிக்காஸோ எஸ்மெரால்டா என்ற நிஜ ஆட்டையும் செல்லமாக வளர்த்தார். தோட்டத்தில் நின்ற வெண்கல ஆட்டிலேயே அதைக் கட்டிவைத்திருந்ததைக் காட்டும் புகைப்படம் ஒன்று உண்டு. தன்னைக் கட்டியிருந்த கம்பம் கூடையிலும் பானையிலும் பிறந்த இன்னோர் ஆடு என்பது எஸ்மெரால்டாவுக்கு எங்கே தெரியப்போகிறது!

அடுத்த முறை வீட்டில் ஓட்டைக் கூடையைத் தூக்கி எறியும்போது, வாசகர்களே, ஒரு தரம் திருப்பிப் பாருங்கள். அதற்குள்ளும் ஓர் ஆட்டின் வயிறு ஒளிந்திருக்கலாம்.