டக்... டக்... டக்! கார் என்ன சொல்லுகிறது?

விடியற்காலை 4 மணி. 6 மணிக்கு முகூர்த்தம். பட்டுப் புடவையும் சீர்வரிசைத் தட்டுமாக எல்லோரும் காரில் ஏறி உட்கார்ந்து விட்டார்கள். சாவியைத் திருப்புகிறீர்கள். எஞ்சின் கிளம்பவில்லை. "டக்... டக்... டக்" என்று பல்லி சொல்லுவது போல ஒரு சத்தம். அவ்வளவுதான்!

"சகுனம் சரியில்லை" என்கிறார் பின் சீட்டில் இருக்கும் பாட்டி.

சகுனம் ஒன்றும் இல்லை. கார் தன் நோயைத் தானே சொல்லுகிறது. அதைக் காது கொடுத்துக் கேட்காமல், அவசரப்பட்டுப் புது பாட்டரி வாங்கிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் பலர்.

சத்தம் எங்கே பிறக்கிறது?

எஞ்சின் தானாகச் சுற்ற ஆரம்பிக்காது. முதலில் யாராவது சுற்றிவிட வேண்டும். அந்தக் காலத்தில் காரின் முன்னால் இரும்புக் கைப்பிடியைச் செருகி மனிதன்தான் சுற்றினான். எஞ்சின் சில சமயம் எதிர்ப்பக்கமாக உதைக்கும். கைப்பிடி திரும்பி அடித்து மணிக்கட்டு முறிந்தவர்கள் உண்டு. அமெரிக்க எஞ்சினீயர் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர், 1912-ம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது. நம் மெக்கானிக்குகள் "செல்ப்" என்று சொல்லுவது இதைத்தான்.

இந்த ஸ்டார்ட்டர் பெரிய தீனிக்காரன்! சிறிய காரில்கூட நூறு ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் கேட்பான். அத்தனையையும் சாவி சுவிட்ச் வழியாக அனுப்பினால் சுவிட்ச் கருகிப் போகும். ஆகவே, நடுவில் ஒரு காவற்காரன் இருக்கிறான். பெயர், சோலினாய்டு. சாவியைத் திருப்பியதும் கொஞ்சம் மின்சாரம் இவனிடம் போகிறது. இவன் காந்தமாகி, ஓர் இரும்புத் தண்டை இழுக்கிறான். அந்தத் தண்டு ஸ்டார்ட்டரின் சிறு பல்சக்கரத்தை எஞ்சினின் பெரிய பல்சக்கரத்தோடு சேர்த்து, பெரிய மின்சாரத்துக்கும் வழி திறந்து விடுகிறது. தண்டு போய் இடிக்கும் ஓசைதான் "டக்"! பொத்தானை அழுத்திக் கிளப்பும் புதுக் கார்களிலும் இதே கதைதான்.

பல "டக்"கா? ஒரே "டக்"கா?

படபடவென்று பல முறை அடித்தால், பாட்டரிக்குத் தெம்பு இல்லை என்று பொருள். காவற்காரன் வழி திறக்கிறான். மோட்டார் மின்சாரத்தை இழுத்ததும் பாட்டரி துவண்டு விடுகிறது. காவற்காரனுக்கும் பலம் போய், தண்டு திரும்பி விடுகிறது. சுமை நீங்கியதும் பாட்டரிக்குச் சிறிது உயிர் வருகிறது. மறுபடி "டக்"!

அழுத்தமாக ஒரே ஒரு "டக்", பிறகு மௌனமா? முன் விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். வெளிச்சம் மங்கவில்லை என்றால் பாட்டரி மீது பழி போடாதீர்கள். சோலினாய்டின் தொடுமுனையோ, மோட்டாருக்குள் இருக்கும் கார்பனோ தேய்ந்திருக்கலாம். மெக்கானிக் கழற்றிப் பார்க்க வேண்டிய வேலை அது. வெளிச்சம் அடியோடு மங்கினால் பெரும்பாலும் பாட்டரி, அல்லது அதன் இணைப்பு.

உப்புப் பூத்த முனை

பலர் ஏமாறுவது இங்கேதான். பானெட்டைத் திறந்து பாட்டரியின் இரண்டு முனைகளையும் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருக்கிறதா? வயரின் பிடி கையால் அசைத்தால் ஆடுகிறதா? அப்படியானால், நல்ல பாட்டரியிலிருந்து வரும் மின்சாரமும் வாசலிலேயே தடைப்பட்டு நிற்கிறது. ஆயிரக்கணக்கில் பணம் செலவழிக்கத் தேவையே இல்லை. சமையலறை ஆப்ப சோடா போதும்!

கையிலுள்ள மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். கழித்தல் குறியிட்ட முனையை முதலில் கழற்றுங்கள். மாற்றிச் செய்தால், ஸ்பானர் காரின் இரும்பில் பட்டுத் தீப்பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்து, பழைய பல் துலக்கும் பிரஷால் தேயுங்கள். துடைத்து, கூட்டல் முனையை முதலில் மாட்டி, கழித்தல் முனையைக் கடைசியில் மாட்டுங்கள். இறுக்கியபின் மேலே கொஞ்சம் வாஸலின் தடவினால் உப்பு எளிதில் பூக்காது.

முனைகள் சுத்தமாக இருந்தும் கிளம்பவில்லையா? மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நிறைந்த பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனால் காலி என்று அர்த்தம். ராத்திரி முழுவதும் விளக்கு எரிந்ததா, வாரக்கணக்கில் கார் ஓடவில்லையா என்று யோசியுங்கள். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும். அப்போதும் 12-லேயே நின்றால், சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டர் தூங்குகிறது. புது பாட்டரி போட்டாலும் அதுவும் சீக்கிரம் படுத்துவிடும்!

முகூர்த்தத்துக்கு நேரமாகிறதே?

பக்கத்து வீட்டுக் காரின் பாட்டரியிலிருந்து கேபிள் போடலாம். சிவப்புக் கேபிளைக் கூட்டலோடு கூட்டலாகச் சேருங்கள். கறுப்பை அந்தக் காரின் கழித்தல் முனையில் மாட்டி, மறு நுனியை உங்கள் எஞ்சினின் வெற்று இரும்பில், பாட்டரிக்குத் தள்ளி மாட்டுங்கள். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வரும். பொறி பட்டால் வெடிக்கும். பீடி, சிகரெட் பக்கத்திலேயே கூடாது.

கேபிள் இல்லையா? கியர் வண்டியானால், சாவியை ஆன் செய்து, இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்துக்கொண்டு, பின்னாலிருந்து தள்ளச் சொல்லுங்கள். வேகம் பிடித்ததும் கிளட்சை விட வேண்டும். ஆட்டோமேடிக் கியர் வண்டியில் இந்த வித்தை பலிக்காது. பாட்டரி அடியோடு செத்துப் போயிருந்தால் இக்காலக் கார்கள் தள்ளினாலும் கிளம்பமாட்டா.

தள்ளுகிறவர்கள் பட்டு வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொள்வது நல்லது. பாட்டி இறங்க வேண்டாம்.