வெந்நீர் உடனே வேண்டுமென்றால்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் மினியாபொலிஸ், செயின்ட் பால் என்ற இரட்டை நகரங்கள் இருக்கின்றன. அங்கே பத்து வீடுகளில் ஆய்வாளர்கள் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒவ்வொரு வீட்டிலும் வெந்நீருக்கு இரண்டு வகைக் கருவிகளையும் பொருத்தினார்கள். ஒன்று, பெரிய தொட்டியில் நீரைச் சூடாக்கி வைத்திருக்கும் பழைய வகை. இன்னொன்று தொட்டியே இல்லாதது. குழாயைத் திறந்ததும் எரிவாயு பற்றிக்கொள்ளும், ஓடுகிற நீர் ஓடும்போதே சூடாகிவிடும். இரண்டையும் மாற்றி மாற்றி இயக்கி, எது எவ்வளவு எரிவாயு குடிக்கிறது என்று கணக்கெடுத்தார்கள்.

முடிவுகள் 2010-ல் வெளியாயின. தொட்டியில்லாக் கருவி, வெந்நீருக்கான எரிபொருளில் சராசரியாக 37 சதவீதத்தை மிச்சப்படுத்தியிருந்தது. விளம்பரங்கள் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்தக் கருவியை வாங்கவும் பொருத்தவும் கூடுதலாக ஆன செலவு, இந்த மிச்சத்தால் திரும்பி வர எத்தனை ஆண்டாகும் என்று பார்த்தபோது, 20 முதல் 40 ஆண்டுகள் என்று வந்தது. அமெரிக்க எரிசக்தித் துறை இந்தக் கருவிக்குச் சொல்லும் ஆயுள் 20 ஆண்டுக்கு மேல் என்பதுதான். போட்ட பணம் திரும்புவதற்குள் கருவி கழிவாகிவிடலாம்.

நன்றாக வேலை செய்கிற, எரிபொருளையும் மிச்சப்படுத்துகிற ஒரு கருவி ஏன் கணக்கில் தோற்கிறது? இதற்கான விடை, தொட்டி என்ன வேலை செய்கிறது என்பதில் இருக்கிறது.

ஒரு லிட்டர் நீரை ஒரு நிமிடத்துக்குள் ஒரு டிகிரி சூடாக்க 70 வாட் திறன் வேண்டும். இந்த ஒரு எண்ணை வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் வீட்டிலேயே கணக்குப் போட்டுவிடலாம். மினியாபொலிஸின் குடிநீர் மிசிசிப்பி ஆற்றிலிருந்து வருவது. கடும் குளிர்காலத்தில் அது 5 டிகிரியில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஷவரில் நிமிடத்துக்கு 9 லிட்டர், 40 டிகிரியில் வேண்டும். அப்படியென்றால் 35 டிகிரி ஏற்ற வேண்டும்: ஏறத்தாழ 22 கிலோவாட். இரண்டு குளியலறைகளில் ஒரே நேரத்தில் குளித்தால் 44. அதனால்தான் அங்கே ஒரு வீடு முழுமைக்கும் என்று விற்கப்படும் பெரிய எரிவாயுக் கருவிகள் 58 கிலோவாட் வரை எரியக்கூடியவையாக இருக்கின்றன.

அதே வீட்டில் 150 லிட்டர் தொட்டியுள்ள பழைய கருவியின் பர்னர் சுமார் 12 கிலோவாட்தான். அது மெல்ல எரிந்து, எல்லோரும் தூங்கும்போதும் வேலைக்குப் போயிருக்கும்போதும் நீரைச் சூடாக்கி வைக்கிறது. தொட்டி என்பது அந்த வீட்டுக்கு நேரத்தைச் சேர்த்துவைக்கும் இடம். தொட்டியை எடுத்துவிட்டால் அந்த நேரம் போய்விடுகிறது. பல மணி நேரத்தில் நடந்த வேலை சில நிமிடங்களில் நடந்தாக வேண்டும். கருவியோடு சேர்த்து, அதற்குத் தீனி போடும் எல்லாமே பெரிதாக வேண்டியிருக்கிறது. மறைந்திருக்கும் செலவு பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் எரிவாயுக் குழாய். அரை அங்குலக் குழாய் போதும் என்றிருந்த வீட்டில் முக்கால் அங்குலக் குழாயை மீட்டரிலிருந்து புதிதாக இழுக்க வேண்டி வருகிறது. அடுத்தது புகைபோக்கி. பழைய கருவியின் புகை தானாகவே மேலெழுந்து வெளியேறும். புதியதற்கு விசிறியும், சுவரைத் துளைத்துப் போகும் தனிக் குழாயும் வேண்டும். புகையிலுள்ள நீராவியைக் குளிரவைத்து அந்த வெப்பத்தையும் பிடித்துக்கொள்ளும் உயர்திறன் கருவிகள் என்றால் இன்னொரு வேலை கூடுகிறது. அவற்றிலிருந்து சொட்டும் நீர் அமிலத்தன்மை கொண்டது. சாக்கடைக்குள் விடுமுன் அதைச் சுண்ணாம்புக் கல் போன்ற பொருளின் வழியே ஓடவிட்டுச் சமன்படுத்த வேண்டும். அந்தக் கல்லையும் அவ்வப்போது மாற்ற வேண்டும்.

மின்சாரத்தில் ஓடுவது என்றால் புகையில்லை, ஆனால் கம்பிகள் இருக்கின்றன. 27 கிலோவாட் கருவி ஒன்று, அமெரிக்காவின் 240 வோல்ட்டில் 112 ஆம்பியர் இழுக்கும். மொத்த வீட்டுக்குமே 100 ஆம்பியர் இணைப்புதான் என்றிருக்கும் பழைய வீடுகளில் இதைப் பொருத்தவே முடியாது.

பயன்படுத்தும்போது தெரியவரும் குறைகளும் உண்டு. கருவி விழித்துக்கொள்ள நிமிடத்துக்குச் சுமார் 2 லிட்டராவது ஓட வேண்டும். முகம் கழுவக் குழாயை மெல்லத் திறந்தால் பர்னர் பற்றாது. வெந்நீருக்காகக் குழாயை இன்னும் திருப்பி, தேவைக்கு மேல் தண்ணீரை ஓட விட வேண்டும். ஒருவர் குளித்து முடித்துச் சற்று நேரத்தில் அடுத்தவர் போனால், குழாயில் மிச்சமிருந்த வெந்நீர் முதலில் வரும், பின் சில விநாடிகள் பச்சைத் தண்ணீர், அப்புறம் மறுபடி வெந்நீர். பாத்திரம் கழுவும்போது இது பொருட்டில்லை. ஷவருக்குக் கீழே நிற்பவருக்குத் திடுக்கென்றிருக்கும். அதே சமயம், தீராத வெந்நீர் கிடைத்தால் ஜனங்கள் மணிக்கணக்கில் குளிப்பார்கள் என்ற பயத்துக்கு மினசோட்டா ஆய்வில் ஆதாரம் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வீடுகளில் வெந்நீர்ச் செலவு குறிப்பிடும்படி கூடவில்லை.

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் மாநிலம் உறைந்துபோனபோது வேறொரு பலவீனம் வெளியே வந்தது. வெப்பமான மாநிலம் என்பதால் அங்கே பல வீடுகளில் இந்தக் கருவிகள் வெளிச்சுவரில் மாட்டப்பட்டிருந்தன. உள்ளே நீர் உறையாமல் காக்க ஒவ்வொன்றிலும் சிறு மின்சூடேற்றிகள் உண்டு. பனிப்புயலில் 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு மின்சாரம் நின்றுபோனதும், காக்க வேண்டிய சூடேற்றிகளும் அணைந்துபோயின. நீர் பனியாகும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரியும்; கருவிக்குள்ளிருந்த மெல்லிய செப்புக் குழாய்கள் அதைத் தாங்கவில்லை. மின்சாரம் திரும்பியபோது, வெடித்த குழாய்களிலிருந்து தண்ணீர் கொட்டத் தொடங்கியது. உதிரிபாகத்துக்கும் பிளம்பருக்கும் ஊரே காத்திருந்தது. சிறு பைலட் சுடரில் எரியும் பழைய தொட்டிக் கருவிக்கு மின்சாரமே தேவையில்லை. எரிவாயுவும் குழாய் நீரும் வருகிறவரை, இருட்டிலும் அது வெந்நீர் தரும்.

இனி உப்பு. தமிழ்நாட்டில் போர்வெல் தண்ணீரைப் புழங்கும் எந்த வீட்டுக்கும் இதை விளக்கத் தேவையில்லை. பக்கெட்டின் உள்விளிம்பில், ஷவர் துளைகளில், குழாய் வாயில் வெள்ளையாக ஏறுவது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். சர்க்கரை சூடான நீரில் நன்றாகக் கரையும். இந்தச் சுண்ணாம்புப் பொருளோ சூடாக ஆகப் பிரிந்து படியும். அதுவும் எங்கே சூடு அதிகமோ அங்கேயே படியும். பெரிய தொட்டியில் அது அடியில் வண்டலாகத் தங்கிவிடும். கருவி திறனிழந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும். தொட்டியில்லாக் கருவியில் நீர் செல்வது ஒடுங்கிய குழாய்களில். அங்கே ஒரு மெல்லிய படலமே பாதையை அடைக்கத் தொடங்கிவிடும்.

அமெரிக்காவின் பாட்டல் நிறுவனம் 2009-ல் இதைச் சோதித்தது. லிட்டருக்கு 450 மில்லிகிராம் அளவுக்குக் கடினமான நீரை இந்தக் கருவிகளில் ஓடவிட்டபோது, 1.6 ஆண்டுப் புழக்கத்துக்குச் சமமான காலத்திலேயே உப்பு அடைத்து அவை நின்றுபோயின. இந்தச் சோதனைக்கு நிதி கொடுத்தது நீர்ச் சுத்திகரிப்புத் துறையைச் சேர்ந்த ஆராய்ச்சி அறக்கட்டளை. மென்னீராக்கும் கருவிகள் விற்பதில் அந்தத் துறைக்கு லாபம் உண்டு. அதை மனத்தில் வைத்தே எண்ணைப் படிக்க வேண்டும். ஆனாலும் திசை சரியானதுதான். 450 என்பது நம்மூருக்கு அசாதாரணமான அளவும் இல்லை. இந்தியத் தர நிர்ணய அமைப்பு குடிநீருக்குச் சொல்லும் விரும்பத்தக்க வரம்பு 200. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. ஆண்டுக்கு ஒருமுறையாவது வினிகரையோ சிட்ரிக் அமிலக் கரைசலையோ சிறு பம்பு வைத்துக் கருவிக்குள் சுற்றவிட்டு உப்பைக் கரைக்க வேண்டும். இல்லையென்றால் மெக்கானிக்கை அழைத்துக் காசு கொடுக்க வேண்டும். இந்தச் செலவை வாங்கும்போது யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இங்கே கடைகளில் இன்ஸ்டன்ட் கீசர் என்று விற்பவற்றில் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று லிட்டர் கொள்ளும் சிறு தொட்டி ஒன்று இருக்கும். திறன் 3 கிலோவாட். சென்னையில் டிசம்பரிலும் குழாய் நீர் 25 டிகிரியை ஒட்டியே வருகிறது என்றால், 40 டிகிரியில் நிமிடத்துக்கு 3 லிட்டர் கிடைக்கும்; 15 லிட்டர் பக்கெட் ஐந்து நிமிடத்தில் நிறையும். குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே கருவியை உதகையில் மாட்டி, நீர் 10 டிகிரியில் வந்தால் நிமிடத்துக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவு. பக்கெட் நிறையப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். ஷவரை நினைக்கவே முடியாது. மின்னழுத்தம் குறையும் ஊர்களில் நிலைமை இன்னும் மோசம். 230 வோல்ட் 200 ஆக இறங்கினால், 3 கிலோவாட் காயில் 2.3 கிலோவாட்டுக்கும் குறைவாகவே சூடு தரும். ஸ்டோரேஜ் கீசர் வைத்திருப்பவர் கூடுதலாகச் சில நிமிடம் காத்திருந்தால் போதும். இன்ஸ்டன்ட் கீசரில் வெதுவெதுப்பான நீரே வரும், அல்லது குழாயை ஒடுக்க வேண்டும். போதாது என்று 4.5 கிலோவாட் மாடலுக்குப் போனால் அது 20 ஆம்பியர் இழுக்கும். குளியலறையில் இருக்கும் 16 ஆம்பியர் பிளக் அதற்குப் போதாது. தனி வயரும் தனி எம்.சி.பி.யும் வேண்டும்.

மின்சார மிச்சம் என்ற வாதத்தையும் நம் பழக்கத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க வீட்டில் தொட்டி நாள் முழுக்கச் சூடாகவே இருக்கிறது. அது இழக்கும் வெப்பத்திலிருந்துதான் அந்த 37 சதவீதத்தின் பெரும் பகுதி வருகிறது. தமிழ்நாட்டு வீடுகளிலோ குளிப்பதற்குச் சற்று முன் ஸ்விட்சைப் போட்டு, குளித்ததும் அணைத்துவிடுவதுதான் வழக்கம். அப்படிப் பழகிய குடும்பத்துக்குத் தொட்டியின் வெப்ப இழப்பு ஏற்கெனவே சொற்பம். 15 லிட்டர் நீரை 25-லிருந்து 40 டிகிரிக்கு ஏற்றக் கால் யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும்; எந்தக் கீசரானாலும் அதே கால் யூனிட்தான்.

பணத்தால் அளக்க முடியாத விலை ஒன்று கேஸ் கீசரில் இருக்கிறது. 1868-ல் லண்டனைச் சேர்ந்த பெஞ்சமின் வாடி மாகன் உருவாக்கிய முதல் உடனடி வெந்நீர்க் கருவியில் புகைபோக்கி கிடையாது. எரிந்த வாயு குளியலறைக்குள்ளேயே தங்கியது. அந்த ஆபத்து இன்றும் நம் வீடுகளில் இருக்கிறது. நிமிடத்துக்கு 6 லிட்டரை 25 டிகிரி ஏற்றும் கேஸ் கீசர் எரிப்பது சுமார் 12 கிலோவாட், அதாவது அடுப்பின் பெரிய பர்னரைப் போலப் பல மடங்கு. பத்து நிமிடத்தில் அது ஏறத்தாழ 150 கிராம் கேஸை எரித்து, கிட்டத்தட்ட 2 கனமீட்டர் காற்றிலுள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். நான்கடிக்கு ஆறடி, எட்டடி உயரக் குளியலறையில் மொத்தக் காற்றே ஐந்தரை கனமீட்டர்தான். ஜன்னலைச் சாத்திவிட்டால், ஆக்சிஜன் குறையக் குறைய கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உருவாகும். நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். குளிக்கப் போனவர்கள் மயங்கி விழுவதையும், வலிப்பு வந்ததுபோல் துடிப்பதையும், இறந்துபோவதையும் இந்திய நரம்பியல் மருத்துவர்கள் ஆய்விதழ்களில் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த மரணங்கள் ஒவ்வொன்றும் தடுத்திருக்கக்கூடியவை.

கேஸ் கீசரைக் குளியலறைக்குள் மாட்டவே கூடாது. பால்கனியிலோ காற்றோட்டமான வெளிச்சுவரிலோ மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். அதற்கு ஆகும் குழாய்ச் செலவு கீசரின் விலையிலேயே சேர்ந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டும். மேல்மாடியில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குச் சற்றே கீழே இருக்கும் வீடுகளில் பர்னர் பற்றப் போதிய பிரஷரும் கிடைக்காது. பம்புச் செலவும் சேரும். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருக்கும் வீட்டில், வெளியே மாற்றும்வரை வெந்நீரைப் பக்கெட்டில் பிடித்து, கீசரை அணைத்து, காற்றோட்டம் வந்தபின் குளிக்கலாம். யாராவது குளியலறையில் மயங்கிக் கிடந்தால், முதலில் அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து சிலிண்டரை மூட வேண்டும். மருத்துவமனையில் கேட்காவிட்டாலும், வீட்டில் கேஸ் கீசர் ஓடிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்கு ஆக்சிஜன் பிடித்த ஹீமோகுளோபினும் கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினும் வேறுபாடு தெரியாது. அது 98 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே நோயாளி ஆபத்தில் இருக்கலாம். தகவல் தெரிந்தால்தான் மருத்துவர் ரத்தத்தில் கார்பாக்ஸிஹீமோகுளோபின் அளவைப் பரிசோதிக்கச் சொல்வார், உடனே முழு ஆக்சிஜன் கொடுக்கத் தொடங்குவார்.