அமானிதமும் செயற்கை நுண்ணறிவும்

தேனி மாவட்டத்து ஆண்டிபட்டியை ஒட்டிய சக்கம்பட்டி, டி. சுப்புலாபுரம் ஆகிய ஊர்களுக்குள் நுழைவோர் காதில் முதலில் விழுவது தறியோசையாகும். ஒரு காலத்தில் கைத்தறியின் ஓசை. பின்னர் விசைத்தறியின் ஓசை. விசைத்தறி வந்தபோது துணி பெருகியது. கைத்தறியை நம்பிய குடும்பங்கள் பல வருவாய் இழந்தன. சில ரகங்களைக் கைத்தறிக்கென ஒதுக்கும் சட்டம் 1985ஆம் ஆண்டில்தான் இயற்றப்பெற்றது. தொடக்கத்தில் ஒதுக்கப்பட்ட 22 ரகங்கள் பின்னர் 11 ஆகச் சுருங்கின. இயந்திரம் முந்திக்கொள்ள, சட்டம் பின்னால் வந்து சேர்ந்தது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம். இடைப்பட்ட காலத்தில் தொழிலாளரைக் காக்க வேண்டிய பொறுப்பு, இயந்திரத்தைக் கொண்டுவந்தவரையே சாரும்.

இன்று செயற்கை நுண்ணறிவு பணியிடங்களுக்குள் வருகின்றது. துணியில் இழையறுந்த இடத்தையும் கறையையும் கண்டறியும் கேமராக்கள் ஜவுளி ஆலைகளில் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. அத்தகைய கருவியொன்றை ஒரு தறிக்கூட உரிமையாளர் வாங்குவதாகக் கொள்வோம். கருவி குறையைக் காட்டும், காரணத்தைக் காட்டாது. நூல் தரக்குறைவாக இருந்திருக்கலாம், பாவு சரியாக அமையாதிருக்கலாம், தறியே பழுதுற்றிருக்கலாம். ஆயினும் கருவியின் கணக்கை அப்படியே கூலிப் பிடித்தமாக மாற்றினால், பிறர் செய்த பிழைக்கு நெசவாளி விலை கொடுக்க நேரிடும். அவர் எவரிடம் முறையிடுவார்? கருவியிடம் வழக்குரைக்க இயலாது.

ஒவ்வொருவரும் ஒரு மேய்ப்பரைப் போன்றவர். தம் பொறுப்பில் உள்ளோரைக் குறித்து அவர் விசாரிக்கப்படுவார் என்னும் கருத்தமைந்த நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. தலைமை என்பது ஓர் அமானிதம். முடிவெடுக்கும் வேலையைக் கருவியிடம் ஒப்படைத்தாலும், அம்முடிவுக்குப் பதில் கூறும் கடமையை எவரும் ஒப்படைத்துவிட முடியாது.

கணிதம் நீதிக்குப் பகையன்று. ‘அல்காரிதம்’ என்னும் சொல், 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் பெயரிலிருந்து பிறந்தது. அவரது இயற்கணித நூலின் கணிசமான பகுதி வாரிசுரிமைப் பங்கீட்டுக் கணக்குகளைப் பற்றியதாகும். உரியவருக்கு உரிய பங்கு சேர்வதற்கே அங்கே கணக்கு பணி செய்தது.

மேற்பார்வைக்கும் நம் மரபில் முன்மாதிரி உண்டு. சந்தைகளைக் கண்காணித்த முஹ்தஸிப் என்னும் அதிகாரிக்காக, 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ ஒரு கையேடு எழுதினார். நெசவாளர் உள்ளிட்ட பல தொழிலினரைப் பற்றி அதில் தனித்தனி அத்தியாயங்கள் உள்ளன. எல்லாத் தொழிலின் நுட்பத்தையும் ஓர் அதிகாரி அறிந்திருக்க இயலாது. ஆகவே அந்தந்தத் தொழிலினருள் நுட்பமும் நாணயமும் வாய்ந்த ஒருவரை ‘அரீஃப்’ ஆக அமர்த்திக்கொள்ள வேண்டும் என்பது அவர் காட்டும் வழி. கருவியின் உள்ளியக்கத்தை அறியாத இன்றைய உரிமையாளருக்கும் இவ்வழி பொருந்தும். கேமரா சுட்டும் குறையை, தறியறிந்த மூத்த நெசவாளர் ஒருவர் பார்த்து ஒப்பிய பின்னரே கூலியில் கைவைக்க வேண்டும்.

இவ்வெச்சரிக்கை மிகையன்று. அமேசான் நிறுவனம் ஆள்சேர்ப்புக்கென உருவாக்கிய ஒரு கருவி, பழைய விண்ணப்பங்களிலிருந்து கற்றுக்கொண்டதால் பெண்களைத் தாழ்த்தி மதிப்பிட்டது என்றும், அதனால் கைவிடப்பட்டது என்றும் 2018இல் செய்தி வெளியாயிற்று. தமிழக அரசும் 2020ஆம் ஆண்டில் பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கையொன்றை வெளியிட்டது. வெளிப்படைத்தன்மை, பொறுப்புக்கூறல், நேர்மை ஆகியன அதன் அளவுகோல்களுள் சில. அரசுக்கென வகுக்கப்பட்ட அளவுகோல்கள் எனினும், தனியாருக்கும் அவை நல்வழிகாட்டியே.

ஆகவே பொறுப்புள்ள தலைவர் செய்யத்தக்கவை எவை? முதலாவது மஷ்வரா: கருவியை வாங்குமுன் அதன்கீழ் உழைக்கப் போவோரிடம் கலந்தாலோசித்தல். அடுத்தது, எது பதிவு செய்யப்படுகின்றது, எதற்காக என்பதை அவர்களுக்குப் புரியும் தமிழில் அறிவித்தல். மூன்றாவது, முறையீட்டைக் கேட்க அதிகாரமுள்ள ஒரு மனிதரை அமர்த்துதல். நான்காவது, கருவியால் கிடைக்கும் இலாபத்தில் ஒரு பகுதியை, வேலை இழக்கக்கூடியவர்களுக்குப் புதிய பயிற்சியளிக்கச் செலவிடுதல்.

இவற்றால் செலவு கூடும் என்பது உண்மையே. ஆனால் தவறான பிடித்தத்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையுமாயின், மறுமையில் அதற்குப் பதிலளிக்க நிற்கப்போவது கருவியன்று. அதனை நிறுவிய நாமே.