பழைய வெள்ளியைச் சேமிப்போர் கவனத்திற்கு

நெல்லைச் சீமையிலிருந்து நாஞ்சில் நாட்டுக்குள் நுழையும் மலைவாயில் ஆரல்வாய்மொழி. மன்னராட்சிக் காலத்தில் இக்கணவாயைக் கடந்து மேற்கே வந்த வணிகர் திருவிதாங்கூர் நாணயக் கணக்கிற்கு மாறினர்: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். விரல்நுனியில் ஒட்டும் அளவே உடைய வெள்ளிச் சக்கரங்களை எண்ணுவதற்கெனக் குழிகள் நிறைந்த மரப்பலகை இருந்தது. குழிக்கு ஒன்றாக நிரப்பினால் எண்ணிக்கை தானே தெரியும்.

இத்தகைய சக்கரங்களும் தண்டை, அரைஞாண் முதலியனவும் எடைக்கு விற்கப்பட்டு உருக்கப்படுகின்றன. உருகியபின் எஞ்சுவது உலோகமே. அதிலிருந்த வரலாறு அன்று. ஆதலின் இவற்றைத் தேடிச் சேர்ப்பது நற்பணியே. எனினும் அதற்கு மார்க்க வரம்புகள் உண்டு.

வெள்ளிக்கு வெள்ளியை மாற்றுங்கால் சம எடையில், கைக்குக் கை மாற்ற வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. பழையதைக் கூடுதலாகக் கொடுத்துப் புதியதைக் குறைத்து வாங்குவது வட்டியாகும். ரொக்கத்திற்கு விற்று, அத்தொகையைக் கொண்டு வாங்குவதே நேர்வழி. சேமித்த நாணய வெள்ளி ஏறத்தாழ 595 கிராமை எட்டி ஓராண்டு கழிந்தால், நாற்பதில் ஒரு பங்கு ஸகாத் கடமையாகும். ஏழையின் பங்கைக் கொடுத்தபின் எஞ்சுவதே நம் சேகரிப்பு என்பதை நாம் மறத்தலாகாது.