மினியை ஜெயிக்க வைத்த பட்டறை

மினி கூப்பர் எஸ் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் எழுதுகிறார்கள். சுண்டைக்காய் கார் ஒன்று 10 அங்குலச் சக்கரங்களோடு ஆல்ப்ஸ் மலையேறி, பெரிய பெரிய கார்களை எல்லாம் மண்ணைக் கவ்வ வைத்தது என்பதே அந்தக் கதை. 1964, 1965, 1967 என மூன்று முறை மான்டி கார்லோ ராலியை மினி வென்றது உண்மைதான். ஆனால் காருக்குக் கிடைத்த புகழில் சரிபாதி, ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே அபிங்டனில், எம்.ஜி. தொழிற்சாலைக்குள் இயங்கிய, மினியைத் தயாரித்த பி.எம்.சி. நிறுவனத்தின் போட்டிப் பிரிவுக்குச் சேர வேண்டியது. மினி நல்ல கார். அதை ஜெயிக்கும் காராக ஆக்கியது அந்தப் பட்டறை.

காரின் பங்கைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. 1959இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மினியில் இன்ஜின் குறுக்காகப் படுத்திருந்தது, கியர்பாக்ஸ் அதற்குக் கீழே ஆயில் தொட்டிக்குள்ளேயே இருந்தது. காரின் எடையில் பெரும்பகுதி முன்பக்கம் இறங்கியது, இழுக்கிற சக்கரங்களும் முன்சக்கரங்களே. பனியில் பின்சக்கர வண்டிகள் வழுக்கித் தவிக்கும் இடத்தில் மினி பிடித்து ஏறியது. ரேஸ் கார் தயாரிப்பாளர் ஜான் கூப்பரின் கைபட்டு, 1963இல் 1071 சிசி இன்ஜினோடு கூப்பர் எஸ் வந்தது. இதெல்லாம் சரி. ஆனால் முன்சக்கர இழுவையில் மினி முன்னோடி அல்ல. 1962, 1963 இரண்டு ஆண்டுகளும் மான்டி கார்லோவை வென்றவர் ஸ்வீடனின் எரிக் கார்ல்சன், அவர் ஓட்டியது முன்சக்கர இழுவை கொண்ட சாப். அந்தக் கார்ல்சன் 1960இல் பிரிட்டனின் ஆர்.ஏ.சி. ராலியை வென்றபோது பக்கத்து இருக்கையில் வரைபடத்தோடு உட்கார்ந்திருந்தவர் ஸ்டூவர்ட் டர்னர் என்ற ஆங்கிலேயர். அடுத்த ஆண்டே பி.எம்.சி. அவரைப் போட்டிப் பிரிவின் மேலாளராக்கியது. மினியின் வெற்றிக் கதையை நான் தொடங்குவதாக இருந்தால் அந்த நியமனத்திலிருந்துதான் தொடங்குவேன்.

டர்னர் செய்த முதல் பெரிய காரியம், ஓட்டுநர்களைத் தேடிப் பின்லாந்துக்குப் போனது. ரவுனோ ஆல்டோனென், டிமோ மாக்கினென் இருவரும் பனியிலும் சரளையிலும் வளர்ந்த கைகள். மினியை வேகமாக வளைக்க அவர்கள் கையாண்ட உத்தி இடதுகால் பிரேக். வலதுகால் ஆக்சிலரேட்டரை விடாமல் மிதிக்க, இடதுகால் பிரேக்கைத் தொடும். முன்சக்கரங்கள் இழுவையை இழக்காது, பாரமில்லாத பின்பகுதி மட்டும் லேசாக வழுக்கித் திரும்பும், காரின் மூக்கு வளைவுக்குள் நுழைந்துவிடும். இன்னொரு வேலை வெளியில் தெரியாதது. வளைவுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, துணை ஓட்டுநர் ஓடும் காரில் வாசிக்கும் குறிப்புகள் அப்போதே பழக்கத்தில் இருந்தன. அபிங்டன் அணி அதோடு நிற்கவில்லை. போட்டிக்குச் சில மணி நேரம் முன்பு வேறொரு குழு அதே மலைப்பாதையில் போய், எந்த வளைவில் பனிக்கட்டி, எங்கே ஈரம், எங்கே காய்ந்த தார் என்று குறிப்பைத் திருத்திக் கொண்டுவரும். அதைப் பார்த்துத்தான் ஆணி பதித்த டயரா, சாதா டயரா என்று முடிவு செய்வார்கள். மான்டி கார்லோ ராலியில் இரவில் கோல் டி டுரினி கணவாயை ஏறி இறங்கும் காருக்கு அந்தத் தாள் இன்ஜினுக்குச் சமம்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். 1964இல் பேடி ஹாப்கிர்க், ஹென்றி லிடன் இணை வென்றது ஹேண்டிகேப் விதியால்தானே? கேள்வி நியாயமானது. மலைப்பாதைகளில் அந்த ஆண்டு வேகமாக ஓட்டியவர் 4.7 லிட்டர் வி8 ஃபோர்டு ஃபால்கனில் வந்த போ லியுங்ஃபெல்ட். இன்ஜின் அளவை வைத்து நேரத்தைக் கணக்கிடும் சூத்திரம் அவரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளியது. ஆனால் 1965க்கு இந்தச் சமாதானம் செல்லாது. அந்த ஆண்டு கடும் பனிப்புயல். 237 கார்கள் கிளம்பின, நேரத்துக்குள் மான்டி கார்லோ வந்து சேர்ந்தவை 35. சாலைப் பகுதியில் ஒரு புள்ளிகூட இழக்காமல் வந்தவர் மாக்கினென் ஒருவரே. அது சூத்திரம் தந்த வெற்றி அல்ல. அப்படியானால் அது மாக்கினென் என்ற மனிதரின் திறமை, பட்டறைக்கு அதில் என்ன பங்கு என்று கேட்கலாம். 1967இல் பின்லாந்தின் ஆயிரம் ஏரி ராலியில் வேகத்தில் பானட் திறந்து கண்ணாடியை மறைத்தபோது, தலையை வெளியே நீட்டியபடியே ஓட்டி அந்த ராலியையும் வென்றவர் அவர். அந்தத் துணிச்சலை எந்த மேலாளரும் கற்றுத்தர முடியாது. ஆனால் அத்தகைய ஆளைத் தேடிப் பிடித்து, அவர் முறித்துப்போடும் பாகங்களை ஓயாமல் மாற்றிக்கொடுக்க ஒரு பட்டறையால் முடியும். மாக்கினென் இயந்திரத்தின்மேல் இரக்கம் காட்டியவர் அல்லர்.

1966 மான்டி கார்லோவைப் பேசாமல் மினியைப் பற்றிப் பேச முடியாது. மாக்கினென், ஆல்டோனென், ஹாப்கிர்க் என முதல் மூன்று இடமும் மினிக்கு. பரிசோதகர்கள் கார்களைக் கழற்றி அளந்து பார்த்தும் பிசகு எதுவும் அகப்படவில்லை. கடைசியில் ஹெட்லைட்டில் பிடித்தார்கள். ஒற்றை இழை கொண்ட அயோடின் பல்பு, டிம் அடிக்க முடியாது, டிம் வேண்டுமென்றால் பனிமூட்ட விளக்குக்கு மாற வேண்டும், இது விதிமீறல் என்று மூன்று கார்களையும் தகுதிநீக்கினார்கள். வெற்றி சிட்ரோயன் ஓட்டிய பின்லாந்துக்காரர் பவுலி டோய்வோனெனுக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்களின் சூழ்ச்சி என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் கொதித்தன. அந்தத் தண்டனை குற்றத்துக்குப் பொருந்தாதது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனாலும் விதிப்புத்தகத்தை வரிவரியாகப் படித்து அதன் ஓரம்வரை காரை நகர்த்துவதுதான் அந்த அணியின் பாணி. அந்த ஓரத்தில் ஒருநாள் கால் இடறும் என்பதும் அந்த ஆட்டத்தின் பகுதியே. அடுத்த ஆண்டு ஆல்டோனென் திரும்பி வந்து, லான்சியா ஃபுல்வியாவை 13 விநாடிகளில் முந்தி வென்றார்.

மினி எல்லாப் போட்டிக்கும் பொருந்திய வண்டியும் அல்ல. கரடுமுரடான நெடும்பாதைகளுக்கு அதே பட்டறை ஆஸ்டின் ஹீலி 3000ஐ அனுப்பியது. 1960இல் பேட் மாஸ், ஆன் விஸ்டம் இருவரும் லியேஜ்–ரோம்–லியேஜை வென்றது அதில்தான், 1964இல் ஸ்பா–சோபியா–லியேஜை ஆல்டோனென் வென்றதும் அதில்தான். எந்தப் பாதைக்கு எந்த வண்டி என்று தேர்ந்து அனுப்பியது பட்டறை. 1968 மான்டி கார்லோவில் போர்ஷ 911 கார்கள் முதல் இரண்டு இடங்களைப் பிடிக்க, மினிகள் அடுத்த மூன்று இடங்களில் வந்தன. மினியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1970இல், பி.எம்.சி.யின் வாரிசான பிரிட்டிஷ் லேலண்ட் அந்தப் போட்டிப் பிரிவையே மூடியது. பின்னாளில் பி.எம்.டபிள்யூ. தயாரிப்பான மினியின் பெயரில் 2012 முதல் 2015 வரை டக்கார் ராலியை வென்றவை டீசல் இன்ஜினும் நான்கு சக்கர இழுவையும் கொண்ட பெரிய வண்டிகள். இசிகோனிஸின் காரோடு அவற்றுக்குள்ள உறவு பெயர்ப்பலகையோடு சரி.

உண்மையான வாரிசைத் தேடுவதென்றால் டர்னர் போன வழியில் போக வேண்டும். 1967இல் பி.எம்.சி.யை விட்டவர், 1969இல் ஃபோர்டின் போட்டிப் பிரிவுக்குப் போனார். அங்கே கிடைத்த எஸ்கார்ட் மினிக்கு நேர்மாறு: நீளவாட்டில் இன்ஜின், பின்சக்கர இழுவை, புதுமை என்று சொல்ல ஒன்றுமில்லாத குடும்பக் கார். 1970இல் லண்டன்–மெக்சிகோ ராலியை அது வென்றது. 1972 முதல் 1979 வரை ஆர்.ஏ.சி. ராலி எட்டு ஆண்டுகள் தொடர்ந்து எஸ்கார்ட் கைக்கே வந்தது. அதில் 1973, 1974, 1975 மூன்று ஆண்டுகளும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் டிமோ மாக்கினென்.